கறுப்புப் பியூஸ்

கிழக்கு லண்டனில் பார்க்கிங் என்ற ஊரில் நான் இருந்த மாடி அறைக்கு மலிவான வாடகையோடு ஒரு நிபந்தனையும் இருந்தது. ஜன்னலோரம் மேசைமேல் ஒரு பெரிய சாம்பல் நிறக் கம்ப்யூட்டர் இருக்கும். அதைத் தொடக்கூடாது. சுவரில் அதற்கான சுவிட்சை அணைக்கவும் கூடாது. “உதை மட்டும் நூக்காதை பிள்ளை” என்றார் வீட்டுக்கார ஆன்ட்டி. நூக்குவது என்றால் அணைப்பது என்று எனக்கு அப்புறம்தான் தெரியும். ஆன்ட்டி யாழ்ப்பாணத்துக்காரர், எங்கள் திருநெல்வேலிப் பக்கம் அப்படி ஒரு சொல் கிடையாது. இருந்தாலும் பலமாகத் தலையாட்டி வைத்தேன். லண்டனில் அறை தேடி அலுத்தவள் வாசல்படியில் நின்றுகொண்டு சொல்லுக்கு அர்த்தமா கேட்டுக்கொண்டிருப்பாள்?

நான் ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை பார்த்தேன். வாரத்தில் பெரும்பாலான நாள் வீட்டிலிருந்தேதான் வேலை. கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மேசை போட்டு என் லேப்டாப்பை வைத்திருந்தேன். அந்தப் பெரிய மெஷின் என் முதுகுக்குப் பின்னால் இருந்தது. ஆன்ட்டிக்கு அறுபது வயதிருக்கும். முதியவர்களைப் பார்த்துக்கொள்ளும் ஒரு கெயார் ஹோமில் ஷிப்ட் வேலை. அவர் கணவர் இறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. கூடத்தில் அவர் படம் பிளாஸ்டிக் மாலையோடு தொங்கியது. படத்துக்குக் கீழே ஒரு குட்டி மின்விளக்கு பகலிலும் எரியும். அவ்வளவுதான் வீடு, நாங்கள் இரண்டு பேர்.

நான் போய்ச் சேர்ந்த மறுநாளே அது ஆரம்பித்துவிட்டது. ஆன்ட்டி ஷிப்ட் முடிந்து வந்தார். கோட்டைக்கூடக் கழற்றாமல் மாடிப்படியின் அடியில் நின்று மேலே பார்த்துக் கேட்டார்: “பிள்ளை, உவர் எழும்பினவரோ?”

எனக்கு ஒரு மண்ணும் புரியவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று “இல்ல ஆன்ட்டி” என்றேன். அவர் முகம் சட்டென்று விழுந்துவிட்டது. அப்படியே சமையலறைக்குள் போனார். வெகுநேரம் அங்கே பாத்திரச் சத்தம் எதுவும் கேட்கவில்லை.

அடுத்த நாளும் அதே கேள்வி. அதற்கடுத்த நாளும். உவர் என்றால் எனக்குத் தெரிந்தது உவர்த்தண்ணீர்தான், குளித்தால் முடி கொட்டும். ஆனால் இந்த உவர் எழும்புகிறார். எழும்பினவரோ என்று மரியாதையாகக் கேட்கிறார்கள். கட்டிலில் படுத்து யோசித்தபோதுதான் பள்ளிக்கூடத்துத் தமிழ் இலக்கணம் நினைவுக்கு வந்தது. அ, இ, உ மூன்றும் சுட்டெழுத்து. அவர் என்றால் தூரத்தில் இருப்பவர், இவர் என்றால் பக்கத்தில் இருப்பவர். உ என்பது இரண்டுக்கும் நடுவில் இருப்பதைச் சுட்டும், இப்போது வழக்கில் இல்லை, அதனால் பரீட்சைக்கு வராது என்று டீச்சர் தாண்டிப் போய்விட்டார். பரீட்சைக்கு வராதது பார்க்கிங்கில் வந்து நிற்கிறது.

தூரத்திலும் இல்லாமல் பக்கத்திலும் இல்லாமல் நடுவில் இருக்கும் ஒரு மனிதர். இந்த வீட்டில் நாங்கள் இரண்டு பெண்கள். ஆண் என்று இருப்பவர் கூடத்தில் படமாகத்தான் இருக்கிறார். அவர் எழுந்தாரா என்று ஆன்ட்டி தினமும் என்னைக் கேட்கிறார். சாமி சத்தியமாக, அன்று இரவு நான் விளக்கை அணைக்காமலே படுத்தேன்.

பிறகு ஒருநாள் ஜன்னல் திரையைத் துவைக்கப் போட அவர் என் அறைக்கு வந்தார். நான் அலுவலகத்தோடு போனில் இருந்தேன். எனக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, மிகத் தாழ்ந்த குரலில், “இன்னும் நித்திரையோ?” என்றார். என்னிடம் கேட்கவில்லை. அங்கே வேறு யாரும் இல்லை. திரையை எடுத்து மடித்துக் கையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். அன்றைக்கே நான் மேசையைத் திருப்பிப் போட்டேன், முதுகு சுவரைப் பார்க்கும்படி. அம்மா பெட்டியில் திணித்து அனுப்பிய விபூதிப் பொட்டலம் பிரிக்காமல் கிடந்தது, அதையும் பிரித்தேன். ஊரில் அம்மாவை இதற்காக நான் பண்ணாத கிண்டல் இல்லை.

நவம்பர் வந்துவிட்டது. நாலு மணிக்கெல்லாம் இருட்டிவிடும். அப்படி மழை பெய்த ஒரு சாயங்காலம் கீழேயிருந்து அந்தக் கேள்வி வந்ததும் எனக்குப் பொறுமை போய்விட்டது. தடதடவென்று இறங்கிப் போனேன்.

“யாரைக் கேக்கிறீங்க ஆன்ட்டி? அந்த ரூம்ல என்னைத் தவிர யாரும் இல்ல.”

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பிறகு மேலே வந்து, கதவடியில் நின்று, முகவாயால் ஜன்னலோரத்தைக் காட்டினார். “உவர்தான். மகன்ரை கொம்பியூட்டர்.”

எனக்குச் சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்தது. இத்தனை நாள் ஒரு மெஷினுக்கா நான் விபூதி பூசினேன்? சத்தமாகவே சிரித்துவிட்டேன். யாரிடம் பேசுகிறோமோ அவருக்குப் பக்கத்தில் இருப்பதை அவர்கள் அப்படித்தான் சொல்வார்களாம். மெஷின் என்றாலும் மகனுடையது, அதனால் மரியாதையோடு உவர். ஆன்ட்டி சிரிக்கவில்லை. என் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, ஈரக் கோட்டோடு, சொல்ல ஆரம்பித்தார்.

ஒரே மகன். இங்கேயே பிறந்தவன். யூனிவர்சிட்டிக்கு வடக்கே போனபோது, அங்கிருந்தே இந்த மெஷினை எழுப்பி வேலை செய்ய ஏதோ ஏற்பாடு செய்து வைத்தான். அவன் அங்கே ஒரு பட்டனை அமுக்கினால் இங்கே இது விழித்துக்கொள்ளும். அப்புறம் அப்பா இறந்தார். செத்தவீட்டுக்கு அவன் கறுப்புக் கோட், கறுப்பு டை என்று வந்து நின்றான். அவனுக்குத் தெரிந்த சாவுகள் எல்லாம் வெள்ளைக்காரச் சிநேகிதர்களின் வீட்டுச் சாவுகள், அங்கே எல்லாரும் அப்படித்தான் வருவார்கள். அப்பாவுக்கு மரியாதை செய்வதாகத்தான் நினைத்திருக்கிறான். ஆனால் சுற்றி எல்லாரும் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சேலை. நடுவில் இவன் மட்டும் கறுப்பு.

“எனக்கு வாய் சும்மா இருக்கேல்லை பிள்ளை. அவ்வளவு சனத்துக்கும் முன்னாலை, யமன் மாதிரி வந்து நிக்கிறாய், கழட்டடா எண்டிட்டன்.”

அவன் கழற்றவில்லை. திரும்பி நடந்துவிட்டான். சுடலையில் கொள்ளி வைப்பதற்குப் பதிலாக இங்கே மகன் அமுக்க வேண்டிய பட்டனைச் சித்தப்பா அமுக்கினார். அதன்பிறகு போன் இல்லை, விலாசம் இல்லை. பழைய நம்பரும் வேலை செய்யவில்லை. கேட்ட இடத்தில் எல்லாம் தெரியாது என்றார்கள்.

சில மாதம் கழித்து ஆன்ட்டி இந்த அறையில் துணி மடித்துக்கொண்டிருந்தபோது மெஷின் தானாக மூச்சு விட்டிருக்கிறது. ஸ்கிரீன் வெளிச்சமானது. பாஸ்வேர்டு போடும் கட்டத்தில் ஒவ்வொன்றாகப் புள்ளி விழுந்தது. கீபோர்டில் ஒரு விரலும் இல்லை. ஸ்கிரீனில் மவுஸ் அம்பு தன்பாட்டுக்கு நகர்ந்தது. கணவர்தான் வந்துவிட்டார் என்று நினைத்து ஆன்ட்டி துணியைப் போட்டுவிட்டுக் கீழே ஓடி, படத்துக்கு முன்னால் விழுந்திருக்கிறார். இன்னொரு நாளும் அப்படியே ஆயிற்று. மூன்றாவது முறை பயத்தை அடக்கிக்கொண்டு நின்று பார்த்தார். அம்பு ஒரே இடத்தில் சின்னச் சின்ன வட்டமாகச் சுற்றியது. மகனுக்குச் சிறுவயதிலிருந்தே யோசிக்கும்போது கையில் இருப்பதை வைத்து வட்டம் போடும் பழக்கம். பென்சிலால் போட்ட வட்டங்கள் அந்த மேசைமேல் இன்னும் இருந்தன. ஆன்ட்டி விரலால் தடவிக் காட்டினார்.

வருவான், அப்பா இருக்கும் பழைய படங்களைத் திறப்பான், கொஞ்ச நேரம் இருப்பான், போய்விடுவான். ஆன்ட்டி பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பார். ஒருநாளும் மவுஸைத் தொட்டதில்லை. தொட்டால் ஆள் இருப்பது தெரிந்து ஓடிவிடுவான் என்று பயம்.

“உவர் எழும்பினால் அவன் எங்கையோ உயிரோடை இருக்கிறான் எண்டு அர்த்தம். வேறை என்ன இருக்கு எனக்கு?” என்றார். “கோடை முடிஞ்சதோடை நிண்டு போச்சு பிள்ளை. இப்ப எழும்புறதே இல்லை.”

அப்போதுதான் எனக்கு இந்த அறை ஏன் இவ்வளவு மலிவாகக் கிடைத்தது என்று விளங்கியது. தான் ஷிப்டில் இருக்கும் நேரத்தில் அந்த மூச்சைக் கேட்க ஓர் ஆள் வேண்டும். அதற்குத்தான் வீட்டிலிருந்து வேலை செய்யும் பெண்ணாகப் பார்த்து வைத்திருக்கிறார். குடியிருக்க வந்தவள் என்று நான்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்குக் கோபமும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

எழுந்து போய் மெஷினின் பின்பக்கம் எட்டிப் பார்த்தேன். தூங்குகிற மெஷின் என்றால் பின்னால் ஒரு பொட்டு வெளிச்சமாவது இருக்கும். இதில் ஒன்றும் இல்லை. தொட்டுப் பார்த்தேன், சில்லென்று கிடந்தது.

“ஆன்ட்டி, இது தூங்கல. இதுக்குக் கரண்டே வரல. உங்க மகன் எத்தனை தடவை எழுப்பியிருந்தாலும் இது எழுந்திருக்காது.”

அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். அந்தப் பிடி வலித்தது. மகன் கூப்பிடாமல் இல்லை, இதற்குக் காது கேட்கவில்லை, அப்படியும் இருக்கலாம். அந்த ஒரு நினைப்பு அவருக்குள் இறங்கியதை என் கையில் உணர்ந்தேன்.

ஊரில் பீஸ் என்றால் வாசலில் மீட்டர் பெட்டிக்குள் இருப்பது. பில் கட்டாவிட்டால் வாரியத்து ஆள் வந்து பிடுங்கிக்கொண்டு போவான். இந்த நாட்டில் ஒவ்வொரு பிளக்கின் வயிற்றுக்குள்ளும் ஒரு பியூஸ் உண்டு, விரல் கணு அளவுக்கு ஒரு குட்டி உருளை. இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், லண்டனில் என் முதல் வேலையே அதுதான். ஆபீஸ் ஆபீஸாகப் போய் மேசைக்கடியில் தவழ்ந்து, பிளக்கைப் பிடுங்கிச் சோதித்து, பச்சை ஸ்டிக்கர் ஒட்டுவது. எம்.காம். படித்துவிட்டு அந்த வேலை பார்த்த வயிற்றெரிச்சலில் பியூஸ் விவரம் எல்லாம் எனக்குள் நன்றாகப் பதிந்துபோயிருந்தது.

பிளக்கைப் பிடுங்கினேன். கால்களுக்கு நடுவில் ஒரு சின்ன மூடி. வெண்ணெய்க் கத்தியால் நெம்பியதும் உள்ளே இருந்தது தெரிந்தது. சிவப்பு எழுத்தில் 3, அதாவது மூன்று ஆம்ப். அதை எடுத்து என் மேசை விளக்கின் பிளக்கில் போட்டுப் பார்த்தேன். விளக்கு எரியவில்லை. பியூஸ் செத்திருந்தது.

இதை யார் போட்டது என்று கேட்டேன். தானே போட்டதாக ஆன்ட்டி சொன்னார். கோடையில் ஒருநாள் பழைய பியூஸ் போய்விட்டது. அப்டன் பார்க்கில் கிரீன் ஸ்ட்ரீட் கடையொன்றில் ஒரு அட்டை பியூஸ் வாங்கி வந்து மாற்றினார், புதிதும் செத்துப்போகும் என்று அவருக்குத் தோன்றவில்லை. கீழே போய் டிராயரிலிருந்து அந்த அட்டையையும் கொண்டுவந்தார். சிவப்பு, கறுப்பு, பிரவுன் என்று மூன்று நிறம் இருந்த அட்டை. சிவப்பு எல்லாம் காலி. மற்ற இரண்டும் தொடப்படாமல் இருந்தன.

“ஏன் சிவப்பு மட்டும்?”

“சிவப்புத்தானே பிள்ளை மங்களம்.”

எனக்கு ஒரு விஷயம் சட்டென்று பிடிபட்டது. இந்த வீட்டில் மின்சாரக் கெட்டில் கிடையாது. போட்ட உடனே செத்துப்போகிறது என்று சொல்லி இரண்டு கெட்டிலைக் கவுன்சில் குப்பைக்குப் போட்டுவிட்டு, ஆன்ட்டி அடுப்பில் கேத்தல் என்கிற மூக்குப் பாத்திரம் வைத்துத்தான் தண்ணீர் சுட வைப்பார். கெட்டிலுக்குப் பதின்மூன்று வேண்டும். மூன்றைப் போட்டால் தண்ணீர் சுடுவதற்குள் போய்விடும். “கெட்டிலுக்கும் சிவப்பா ஆன்ட்டி?” என்று கேட்டேன். எல்லாத்துக்கும்தான் என்றார். மங்களமாக இரண்டு நல்ல கெட்டில்கள் போய்ச் சேர்ந்திருக்கின்றன.

நிறத்தைப் பார்த்துப் போடுவதில்லை, அதிலிருக்கும் எண்ணைப் பார்த்துத்தான் என்று நான் சொல்லச் சொல்ல, அவர் கேட்காமல் கீழே போனார். கணவர் படத்து விளக்கின் பிளக்கில் இருந்த சிவப்புப் பியூஸை எடுத்து வந்து நீட்டினார். கூடம் இருண்டுபோனது மாடியிலிருந்தே தெரிந்தது. சரி, போட்டுத்தான் பார்ப்போமே என்று போட்டேன்.

மெஷினின் பின்னால் ஒரு பச்சைப் பொட்டு வெளிச்சம் எழுந்தது. பட்டனை அமுக்கியதும் ஃபேன் சுற்றி, ஸ்கிரீன் பாஸ்வேர்டு கேட்டது. ஆன்ட்டி இரண்டு கையையும் கூப்பிவிட்டார். நான் அத்தோடு விட்டிருக்கலாம். பிளக் கொஞ்சம் ஆடியது, சரியாக அழுத்திவிடலாம் என்று சுவர் சுவிட்சை அணைத்து, அழுத்தி, மறுபடி போட்டேன். டிக் என்று ஒரு சின்னச் சத்தம் கேட்டது. பச்சைப் பொட்டு இல்லை, ஃபேன் இல்லை. மேலே இது இருட்டு, கீழே படத்தடியிலும் இருட்டு.

“போட்டான்” என்றார் ஆன்ட்டி. போய்விட்டான் என்பதை அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள்.

“அவன் எங்கயும் போகல ஆன்ட்டி! பீஸ்தான் போச்சு!” என்று கத்தினேன்.

உட்கார வைத்து விளக்கினேன். இந்த மாதிரிப் பெரிய மெஷின் சுவிட்ச் போட்ட கணத்தில் மட்டும் ஒரே மடக்காகக் கரண்டைக் குடிக்கும். நாள் முழுக்க விரதம் இருந்தவர் தண்ணீர்ச் செம்பைக் கண்ட மாதிரி. விளக்குக்குப் போடும் மூன்று ஆம்ப் பியூஸ் அதை ஒருமுறை தாங்கும், இன்னொருமுறை தாங்கும், பிறகு பொசுங்கும். மூன்று காணாது.

“அப்ப பெரிசாப் போடு. பிறவுணைப் போடு.”

பிரவுன் என்றால் பதின்மூன்று. போட்டால் மெஷின் நன்றாகவே ஓடும். எனக்கும் போட்டுத் தொலைக்கலாம் என்று ஆசைதான். ஆனால் பியூஸ் மெஷினைக் காப்பாற்ற இருப்பதல்ல, வயரைக் காப்பாற்ற இருப்பது. வயரின் தூசியைக் கட்டை விரலால் துடைத்து போன் வெளிச்சத்தில் படித்தேன். முக்கால் சதுர மில்லிமீட்டர் என்று அச்சிட்டிருந்தது, மெல்லிய வயர். அதுவோ என் கட்டில் காலுக்குப் பக்கமாகக் கார்ப்பெட்டுக்கு அடியில் ஓடுகிறது. எங்காவது நசுங்கிச் சூடேறினால் பதின்மூன்று சும்மா பார்த்துக்கொண்டிருக்கும், வயர் முதலில் எரியும். மெஷினோ இரவும் பகலும் சுவிட்சிலேயே இருப்பது. பவர் சப்ளையின் பெட்டியில் ஒட்டியிருந்த லேபிளையும் பார்த்து மனக்கணக்குப் போட்டேன். முழுமூச்சாக ஓடினாலும் நாலு ஆம்பைத் தாண்டாது. ஐந்துதான் சரி. முதல் மடக்கையும் தாங்கும், வயரையும் காக்கும்.

ஐந்து கறுப்பு.

ஆன்ட்டி அட்டையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். கறுப்பு வேண்டாம் என்றார். மெஷினோடு வந்த பழைய பியூஸும் கறுப்புத்தானாம். அது போன அன்று கையில் எடுத்துப் பார்த்ததும், இதுதான் இத்தனை நாள் என் பிள்ளையின் சாமானுக்குள் இருந்திருக்கிறது என்று பதறி, தெருக்கோடிக் குப்பைத் தொட்டி வரை கொண்டுபோய் எறிந்திருக்கிறார். நான் அறையைச் சுற்றிப் பார்த்தேன். இந்த வீட்டில் கறுப்பாக ஒரு பொருள்கூட இல்லை. ஆன்ட்டியின் குடை மஞ்சள். ஷூ பிரவுன். மகனின் அலமாரியில் வெறும் ஹேங்கர்கள் தொங்கின. எல்லாவற்றையும் அந்தச் செத்தவீட்டுக்குப் பிறகு வெளியேற்றியிருந்தார்.

“ஒருக்காக் கறுப்பாலைதான் பிள்ளை அவன் போனவன்.”

என் வாயும் சும்மா இருக்கவில்லை. “கறுப்பால போகல ஆன்ட்டி. நீங்க சொன்ன சொல்லால போனான்.”

சொன்ன கையோடு எனக்கே பயமாகிவிட்டது. அறையை விட்டு வெளியே வந்து படியில் நின்றேன். நான் தினமும் ஏறி இறங்கும் படிதான், சுவரில் மாட்டியிருந்த படத்தை அன்றுதான் நின்று பார்த்தேன். ஒரு கைக்குழந்தை. எண்ணெய் வழியும் தலை. கன்னத்தில் ஒரு காசு அகலத்துக்குப் பொட்டு.

படத்தை ஆணியிலிருந்து கழற்றிக்கொண்டு வந்து அவர் மடியில் வைத்தேன். “இந்தப் பொட்டு என்ன கலர் ஆன்ட்டி?”

அவர் அந்தக் கன்னத்தைக் கட்டை விரலால் தடவினார். வெகுநேரம் தடவினார். “நாவூறு படக்கூடாதெண்டு நான்தான் வைச்சனான்” என்றார். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, அட்டையிலிருந்து ஒரு கறுப்புப் பியூஸைத் தானே பிதுக்கி எடுத்தார். நான் பிளக்கைப் பிடித்துக்கொண்டேன். ஆள்காட்டி விரலால் அதை உள்ளே வைத்து அழுத்தினார்.

பச்சைப் பொட்டு வந்தது. இந்த முறை நான் எதையும் ஆட்டிப் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு காத்திருந்தோம். மறுநாள் இல்லை, அந்த வாரமும் இல்லை. ஒருநாள் படியில் நின்றுகொண்டு ஆன்ட்டி கேட்டார், இது செத்துக் கிடந்த நாட்களில் அவன் எழுப்பிப் பார்த்திருப்பானா என்று. நான் யோசிக்காமல் பதில் சொன்னேன்: பார்த்திருப்பான், பல தடவை பார்த்திருப்பான், அம்மாதான் அணைத்துவிட்டாள் என்று நினைத்திருப்பான். சொல்லி முடித்ததும் அவர் முகத்தைப் பார்த்தேன். வீட்டை விட்டு இரண்டாவது முறையும் அவனைத் துரத்தியவர் முகம் அப்படித்தான் இருக்கும்.

அன்றிலிருந்து அவர் அந்தக் கேள்வியைக் கேட்பதை நிறுத்திவிட்டார். வேலையிலிருந்து வருவார், கோட்டைக் கழற்றுவார், நேரே அடுப்படிக்குப் போவார். முன்பு அவர் கேட்டபோது எனக்கு இருந்த பயம் ஒன்றுமே இல்லை, கேட்காமல் இருந்ததுதான் பெரிய பயம். அவருக்குப் பதிலாக நான் கேட்க ஆரம்பித்தேன். கணக்கு பார்த்துக்கொண்டே பாதிக் காது அந்த ஜன்னலோரத்தில்தான். பக்கத்து வீட்டுக் குழாய் ஓடினாலும் திடுக்கிடுவேன். எழும்புங்க, எழும்புங்க என்று அந்தப் பெட்டியிடம் வாய்விட்டே சொல்லியிருக்கிறேன். பின்பக்கம் எட்டிப் பார்த்தால் பச்சைப் பொட்டு என்னையே பார்த்துக்கொண்டிருக்கும். யாரும் கூப்பிடாத போனுக்குத்தான் நாங்கள் கரண்ட் கொடுத்துக்கொண்டிருக்கிறோமோ என்று எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அதை மட்டும் நான் வெளியே சொல்லவில்லை.

பிறகு ஒருநாள், ஆன்ட்டிக்கு விடுமுறை. கீழே சமைத்துக்கொண்டிருந்தார். வெங்காயம் வதங்கும் மணம் மாடிக்கு வந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் போன பிறகு தெரு அடங்கிவிட்டது, வெளியே மழைக்கால இருட்டு. திருப்பிப் போட்டிருந்த மேசை வேலைக்குச் சரிப்படாமல் நான் மறுபடி பழையபடியே போட்டிருந்தேன். முதுகு ஜன்னலைப் பார்த்து இருந்தது.

பின்னால் யாரோ நீளமாக மூச்சு விட்டார்கள்.

ஃபேன்தான். எனக்குத் தெரியும். கரண்ட் எப்படி வருகிறது, எந்த வயரில் வருகிறது, எத்தனை ஆம்ப் என்பது வரை எனக்குத் தெரியும். ஆனாலும் கழுத்து திரும்பமாட்டேன் என்றது. எதிர்ச் சுவரில் வெளிச்சம் விழுந்து என் நிழல் பெரிதாக எழுந்தது. மெல்லத் திரும்பினேன். காலி நாற்காலி. கீபோர்டு அசையவில்லை. வெள்ளைக் கட்டத்துக்குள் ஒரு புள்ளி விழுந்தது. இன்னொன்று. நிதானமாக, ஒவ்வொன்றாக, மறந்துபோனதை நினைவுபடுத்திப் போடுகிறவன் போடுவது போல. பிறகு அம்பு நகர ஆரம்பித்தது.

ஆன்ட்டி என்று கூப்பிட்டேன்.

அவர் ஈரக் கையோடு வந்தார். நாற்காலியை ஓசைப்படாமல் இழுத்து உட்கார்ந்தார். அம்பு ஒரு போல்டரைத் திறந்து, ஒரு படத்தில் போய் நின்றது. கடற்கரை, காற்றில் பறக்கும் சட்டை, சிரிக்கும் அப்பா. அப்பாவின் தோளுக்குப் பக்கத்தில் அம்பு சின்னச் சின்னதாக வட்டம் போட்டது. ஆன்ட்டியின் வாய் லேசாகத் திறந்திருந்தது. கையைச் சேலைத் தலைப்பில் துடைத்தார். பிறகு அந்தக் கையை மவுஸை நோக்கி நீட்டினார்.

“வேண்டாம் ஆன்ட்டி, ஓடிடப் போறான்” என்றேன்.

“நான் நூக்கேல்லை எண்டு அவனுக்குத் தெரியட்டும்.”

மவுஸ் பிடித்துப் பழகாத கை. அது பட்டதும் அம்பு துள்ளி ஒரு மூலைக்குப் போனது. மகனின் பக்கம் எல்லாம் அப்படியே நின்றுவிட்டது. வட்டம் இல்லை. அசைவே இல்லை. ஃபேன் சத்தம் மட்டும் இருந்தது. போய்விட்டான் என்றுதான் நான் நினைத்தேன். என்ன செய்வதென்று தெரியாமல் ஆன்ட்டி, அந்த அம்பை அப்பாவின் தோளுக்குத் திரும்ப இழுத்து வந்து, மெல்ல ஒரு வட்டம் போட்டார். கோணல் மாணலாக, முட்டை மாதிரி வந்தது. கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

எவ்வளவு நேரம் அப்படி இருந்தோம் என்று எனக்குத் தெரியாது. அம்பு அசைந்தது. அவர் கை மடியில் இருந்தது, என் கை என் வாயில் இருந்தது. அம்பு தானாக, அதே இடத்தில், அதே அளவுக்கு, ஒரு முட்டை வட்டம் போட்டது. நின்றது. மறுபடியும் போட்டது.

ஆன்ட்டி சத்தமில்லாமல் அழுதார். நானும்தான். கீழேயிருந்து தீய்ந்த வாடை ஏறி வந்து அறையில் நிறைந்தது.

“ஆன்ட்டி, வெங்காயம் கருகுது.”

“கறுக்கட்டும், விடு பிள்ளை” என்றார், அம்பிலிருந்து கண்ணை எடுக்காமல்.